அதே சுவர்கள், ஓர் ஆண்டு

தலைநகரங்களில் இருக்கும் பெரிய அருங்காட்சியகத்துக்கு நம்மில் பலர் வாழ்நாளில் ஓரிரு முறைதான் போகிறோம். புகழ்பெற்ற பத்துப் பதினைந்து படைப்புகளைத் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கால்வலியோடு வெளியே வருகிறோம். வட்டாரக் கலைக்கூடம் அப்படிப்பட்ட இடமில்லை. அது பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று அறைகளும் ஒரு நடைகூடமும்தான். அரைமணி நேரம் கிடைத்தால் உள்ளே போய் வரலாம். அதனாலேயே அதைப் பற்றி யாரும் விரிவாக எழுதுவதில்லை. எழுதினாலும் ஒரு கண்காட்சியைத் தனியே எடுத்து, நன்றாக இருந்தது அல்லது சுமாராக இருந்தது என்று முடித்துவிடுகிறார்கள்.

கடந்த ஆண்டு முழுவதும் அப்படியொரு சமகாலக் கலைக்கூடத்தில் நடந்த கண்காட்சிகள் அனைத்தையும் பார்த்தேன். சிலவற்றுக்குத் திரும்பத் திரும்பப் போனேன். ஒரு கண்காட்சி இறங்கி அடுத்தது ஏறும் இடைவெளிகளில் தன்னார்வலராக ஏணி பிடித்தேன், சுவர் தேய்த்தேன். இப்போது எனக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. இத்தகைய இடத்தின் தரம் எந்த ஒரு கண்காட்சியிலும் முழுமையாகத் தெரியாது. ஓர் ஆண்டின் வரிசையில்தான் தெரியும். அந்த வரிசையைக் காணக்கூடியவர் திரும்பி வரும் பார்வையாளர் மட்டுமே. அவரை மனத்தில் வைத்துத் திட்டமிடும் கலைக்கூடத்தையே நல்ல கலைக்கூடம் என்பேன்.

இந்த வகைக் கூடங்களில் பலவற்றுக்குச் சொந்தச் சேகரிப்பு கிடையாது. நிரந்தரமாகத் தொங்கும் ஓவியம் ஒன்றுகூட இருக்காது. உள்ளே வருவதெல்லாம் இரவல் பெற்றவை, அல்லது அந்த இடத்துக்கென்றே புதிதாகச் செய்யப்பட்டவை. ஒரு கண்காட்சி முடிந்த மறுநாள் அங்கே வெறும் சுவர்களும் ஆணித் துளைகளும்தான் மிஞ்சும். ஆகவே அதன் குணம் முழுவதும் தேர்வில் இருக்கிறது: எதற்குப் பின் எது வருகிறது, எதற்கு எத்தனை வாரம், யாருக்குப் பெரிய அறை.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருக்கும் குன்ஸ்தாலே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1918இல் திறக்கப்பட்ட அந்தக் கூடம் 1969இல் நடந்த ஒரே கண்காட்சிக்காக உலகெங்கும் பேசப்படுகிறது. 'மனப்பாங்குகள் வடிவமாகும்போது' என்று பொருள்படும் தலைப்பில், கூடத்தின் இயக்குநர் ஹரால்ட் ஸீமான் அமைத்த கண்காட்சி அது. லாரன்ஸ் வீனர் சுவரில் ஒரு சதுரம் அளவுக்குக் காரைப்பூச்சைப் பெயர்த்தெடுத்தார். அந்த நீக்கமே படைப்பு. ரிச்சர்ட் செர்ரா உருக்கிய ஈயத்தைச் சுவரின் அடியில் வீசி உறையவிட்டார். மைக்கேல் ஹைஸர் கட்டடத்துக்கு முன்னால் இருந்த நடைபாதையை இரும்புக் குண்டால் உடைத்தார். ஊரில் பெரும் சச்சரவு எழுந்தது. ஸீமான் அந்த ஆண்டே பொறுப்பிலிருந்து விலகினார்.

கலை வரலாறு எழுதுகிறவர்கள் அந்தச் சில வாரங்களை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறார்கள். ஸீமான் 1961இல் தம் இருபத்தெட்டாவது வயதில் அங்கே பொறுப்பேற்றவர். 1963இல் மனநோயாளிகள் வரைந்த ஓவியங்களை, பிரின்ஸ்ஹார்ன் சேகரிப்பிலிருந்து கொண்டுவந்து காட்டினார். 1967இல் அறிவியல் புனைவைப் பற்றி ஒரு கண்காட்சி வைத்தார். 1968இல், கூடத்தின் ஐம்பதாவது ஆண்டில், கிறிஸ்டோவும் ஜான்-குளோடும் அந்தக் கட்டடத்தையே 2,430 சதுர மீட்டர் பாலிஎதிலீன் விரிப்பால் போர்த்திக் கயிற்றால் கட்டினார்கள். அந்த விரிப்பும் புதியதல்ல. ஜெர்மனியின் காஸல் நகரில் அவர்கள் எழுப்பிய, காற்றடைத்த பெரும் பொதிப் படைப்புக்காகத் தைத்து, பயன்படாமல்போன முதல் உறையிலிருந்து வந்தது. இப்படி எட்டு ஆண்டுகள் ஒரு சிறிய கூடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து பழகிய பார்வையாளர்கள் இருந்தார்கள். 1969இல் கோபப்பட்டவர்களும் அந்தக் கட்டடத்தைத் தங்களுடையது என்று நினைத்ததால்தான் அவ்வளவு கோபப்பட்டார்கள். முந்தைய ஆண்டுகள் இல்லாமல் அந்த ஒரு கண்காட்சி நடந்திருக்காது.

நான் பார்த்த ஆண்டு சத்தமில்லாமல் தொடங்கியது. முதல் கண்காட்சி முழுவதும் தாளில் வரைந்தவை. மரப்பட்டைகளை மட்டுமே பல ஆண்டுகளாக வரைந்துவரும் ஓர் ஓவியரின் பென்சில் வரைவுகள். சிலவற்றின்மேல் மெல்லிய நீர்வண்ணப் பூச்சு. அறைகள் மங்கலாக இருந்தன. நுழைந்தவர்களில் பாதிப் பேர் விளக்கு பழுதாகிவிட்டதா என்று கேட்டார்கள்.

பழுதில்லை. தாள், நீர்வண்ணம், சாயமேற்றிய துணி போன்றவற்றுக்கு உலகெங்கும் ஏறத்தாழ 50 லக்ஸ் வெளிச்சத்தையே வைக்கிறார்கள். லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு. எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு 200 வரை போகலாம். வெளிச்சம் செய்யும் சேதம் கூடிக்கொண்டே போகும்; விளக்கை அணைத்து இருட்டில் வைத்தால் பழைய நிறம் திரும்பாது. ஆகவே வெளிச்சத்தின் அளவோடு நேரத்தையும் பெருக்கிக் கணக்கு வைக்கிறார்கள். 50 லக்ஸில் நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 400 லக்ஸ்-மணி. அறுபது நாளில் 24,000. அதே தாளை 200 லக்ஸில் வைத்தால் பதினைந்தே நாளில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். பென்சிலின் கிராஃபைட் வெளிச்சத்தால் மங்குவதில்லை. அதைத் தாங்கும் தாள் பழுப்பேறும், நீர்வண்ணம் வெளிறும்.

ஆனால் இந்தக் கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது கண்ணின் வேலை. வெயிலிலிருந்து வந்த கண் 50 லக்ஸுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும். கலைக்கூடத்தார் நடைகூடத்துக்குச் சாம்பல் நிறம் பூசி, அங்கே ஓவியரைப் பற்றிய குறிப்பை வைத்திருந்தார்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் கண் தயாராகிவிடும். வழிகாட்டிப் பலகையில் அது எழுதப்படவில்லை. இரண்டாவது முறை போனபோதுதான் கவனித்தேன். பென்சில் கோடுகள் செறிந்த இடம் நேராக நின்று பார்த்தால் கறுப்பாகத் தெரிகிறது, பக்கவாட்டில் நகர்ந்தால் வெள்ளிபோல் மின்னுகிறது. அந்தப் பட்டைகளில் ஈரம் இருப்பதாகத் தோன்றிய இடங்களெல்லாம் இந்த மினுக்கத்தால் ஆனவை. அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் அசையாமல் நிற்பதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பக்கத்தில் போய், ஓரடி நகர்ந்து பாருங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். சொன்னபடி நகர்ந்தவர்கள் அநேகமாக எல்லோரும் பெருமூச்சு ஒன்றை விட்டார்கள்.

கண்காட்சி மாறும் வாரங்களைப் பற்றி நான் நிறையச் சொல்ல வேண்டும். ஆண்டின் சரிபாதி ரகசியம் அங்கேதான் இருக்கிறது. வாசலில் 'அடுத்த கண்காட்சிக்காக மூடப்பட்டுள்ளது' என்ற அட்டை தொங்கும்போது உள்ளே நடக்கும் உழைப்பைப் பார்த்தவர்கள் வெகு சிலரே.

படைப்புகள் மரப்பெட்டிகளில் வரும். வந்தவுடன் திறக்கக் கூடாது. ஒரு நாளாவது அறையில் அப்படியே வைத்து, உள்ளிருக்கும் வெப்பமும் ஈரப்பதமும் அறையோடு சமமாகும்வரை காத்திருக்க வேண்டும். மரச்சட்டமும் கித்தானும் தாளும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும், இழந்து சுருங்கும். திடீர் மாற்றம் வந்தால் வண்ணப்பூச்சு வெடிக்கும். பெட்டியைத் திறந்ததும் நிலை அறிக்கை. இருவர் சேர்ந்து செய்வார்கள்: ஒருவர் டார்ச்சைப் படைப்பின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடித்து ஒவ்வோர் அங்குலமாகப் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதுவார். 'மேல் இடது மூலையில் மயிரிழை விரிசல், ஏற்கெனவே குறிக்கப்பட்டது. கீழ்ச்சட்டத்தில் சிராய்ப்பு, புதியது.' நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும் ஓவியம் சாய்வெளிச்சத்தில் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும். தூரிகை எங்கே தயங்கியது, எங்கே ஓவியர் முந்தைய முடிவை மூடி வரைந்தார் என்பதெல்லாம் தெரியும். ஓவியத்தை இவ்வளவு கூர்ந்து பார்ப்பவர்கள் விமர்சகர்களில்கூடக் குறைவு.

பிறகு படைப்புகளைச் சுவரோரமாகத் தரையில், நுரைக்கட்டைகள்மேல் சாய்த்து வைப்பார்கள். உடனே மாட்டுவதில்லை. கண்காட்சியைத் திட்டமிட்டு அமைக்கும் கியூரேட்டர் நடப்பார், நிற்பார், இரண்டை இடம் மாற்றச் சொல்வார், போய்விட்டு வருவார். அவர் மேசையில் கலைக்கூடத்தின் சிறிய அட்டை மாதிரி இருந்தது. அதில் தபால்தலை அளவு ஓவியங்களை ஒட்டி மாதக்கணக்கில் திட்டமிட்டிருந்தார். ஆனால் உண்மையான படைப்புகள் வந்ததும் பாதித் திட்டம் கலைந்தது. மாதிரியில் அடக்கமாக இருந்த ஒரு செந்நிற ஓவியம், நேரில் பக்கத்திலிருந்த சிறிய கறுப்பு வெள்ளைப் படத்தை முழுங்கிவிட்டது. அதைத் தனிச் சுவருக்குக் கொண்டுபோனார்கள். காலியான இடத்தை நிரப்பவில்லை. அந்த வெற்றிடம் கண்காட்சி முழுவதும் அங்கேயே இருந்தது. பார்வையாளர்கள் அங்கே வந்ததும் நடையைத் தளர்த்தினார்கள்.

மாட்டும்போது படைப்பின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 152 சென்டிமீட்டர் உயரத்தில் வருமாறு அளப்பது பல கூடங்களின் வழக்கம். சராசரி மனிதர் நின்று பார்க்கும் கண்மட்டம் அது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் குழந்தைகளுக்கும் அது உயரம். நாங்கள் உதவிய ஒரு கண்காட்சியில் சிறிய படங்களைக் கைப்பிடி உயரத்துக்கு இறக்கி மாட்டினார்கள். நின்றவர்கள் குனிந்தார்கள், குழந்தைகள் நிமிர்ந்து நின்று பார்த்தார்கள். அந்த முடிவை நான் மனமார வரவேற்கிறேன்.

சுவர் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் வழக்கமே தவிர விதி கிடையாது. ஜெர்மனியின் ஹானோவரில், அலெக்சாண்டர் டோர்னர் பொறுப்பில் இருந்த மாகாண அருங்காட்சியகத்துக்காக 1927இல் எல் லிசிட்ஸ்கி ஓர் அறையை வடிவமைத்தார். சுவரெங்கும் செங்குத்தான மெல்லிய பட்டைகள். பார்ப்பவர் நடக்க நடக்கச் சுவர் வெள்ளையிலிருந்து சாம்பலுக்கும் கறுப்புக்கும் மாறும். சில படங்களை நகரும் பலகைகளில் வைத்து, பார்வையாளரே தள்ளி எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யும்படி விட்டார். 1937இல் நாஜிகள் அதை அழித்தார்கள். 1968இல் மீண்டும் கட்டினார்கள். அப்படியொரு முயற்சியும் மாகாண அருங்காட்சியகம் ஒன்றில்தான் நடந்தது. நாங்கள் தேய்த்த சுவர் அவ்வளவு துணிச்சலானதல்ல. ஒவ்வொரு கண்காட்சிக்குப் பிறகும் துளைகளுக்குப் பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் பூசி, வாடை போகும்வரை காயவிட்டோம். சுவரின் ஓரம் பெயர்ந்த ஓரிடத்தில் பல ஆண்டுகளின் பூச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன: வெள்ளை, அடர்நீலம், வெள்ளை, கறுப்பு, வெள்ளை. பழைய ஊழியர் ஒருவர் அந்த நீலத்தைப் பார்த்ததும் அது எந்தக் கண்காட்சி என்று சொல்லிவிட்டார்.

ஆண்டின் நடுவில் வந்தது பொது அழைப்புக் கண்காட்சி. வட்டாரத்தில் வாழும் எவரும் படைப்பு அனுப்பலாம். நடுவர் குழு தேர்ந்தெடுக்கும். கலை தெரிந்தவர்கள் என்று கருதப்படும் சிலர் இந்தக் கண்காட்சியைப் பொறுத்துக்கொள்கிறார்களே தவிர மதிப்பதில்லை. பொழுதுபோக்காக வரைகிறவரும் முழுநேரக் கலைஞரும் ஒரே சுவரில் வருகிறார்கள், தரம் ஏறி இறங்குகிறது என்பது அவர்கள் குறை. எனக்கு ஆண்டின் வேரே இதுதான்.

இந்த வகைக் கண்காட்சிக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. லண்டனின் ராயல் அகாடமி 1769 முதல் ஓர் ஆண்டுகூட விடாமல் இதை நடத்திவருகிறது. பாரிஸில் 1863இல் அரசு ஆதரவு பெற்ற சலோன் கண்காட்சியின் நடுவர்கள் ஏராளமான படைப்புகளைத் தள்ளிவிட, எதிர்ப்பு வலுத்தது. மூன்றாம் நெப்போலியன், தள்ளப்பட்டவற்றைத் தனியே காட்டி மக்களே முடிவு செய்யட்டும் என்று அனுமதித்தார். எடுவார் மானேயின் புல்வெளி விருந்து ஓவியம் அங்கேதான் தொங்கியது, கூட்டம் சிரித்தது. 1917இல் நியூயார்க்கில் நடுவரே வேண்டாம், பரிசும் வேண்டாம் என்று ஒரு சங்கம் தன் முதல் கண்காட்சியை நடத்தியது. 6 டாலர் கட்டணம் செலுத்திய எவர் படைப்பையும் ஏற்பதாகச் சொன்னது; படைப்புகளைப் பெயரின் அகர வரிசைப்படி மாட்டியது. ஆர். மட் என்ற பெயரில் ஒரு சிறுநீர்த் தொட்டி வந்தபோது மட்டும் அந்தச் சங்கம் தன் விதியைக் காக்க முடியாமல் தடுமாறியது. அனுப்பியவர் மார்செல் துஷாம். அவரே அந்தச் சங்கத்தின் இயக்குநர்களில் ஒருவர். எல்லோருக்கும் திறந்த கதவு என்று அறிவிப்பது எளிது, திறந்து வைத்திருப்பது கடினம்.

நடுவர் குழு எப்படி வேலை செய்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தேன். முதல் சுற்று புகைப்படங்களை வைத்து நடக்கும். இரண்டாம் சுற்றில் படைப்புகளை நேரில் கொண்டுவரச் சொல்வார்கள். அந்த இரண்டாம் சுற்றுதான் கண்காட்சியைக் காப்பாற்றுகிறது. திரையில் எல்லாப் படைப்புகளும் ஒரே அளவு. உள்ளங்கை அளவு பின்னல் வேலையும் சுவர் அளவு ஓவியமும் அங்கே சமம். நேரில் வந்ததும் உள்ளங்கை அளவானது அறையின் மூச்சையே பிடித்து நிறுத்தியது. திரையில் மிரட்டிய பெரிய ஓவியம் சத்தமாக மட்டுமே இருந்தது. செலவைக் காரணம் காட்டி இரண்டாம் சுற்றை விட்டுவிடும் கூடங்கள் இருக்கின்றன. அவை நேரில் மட்டுமே பேசும் படைப்புகளை ஆண்டுதோறும் இழக்கின்றன.

தேர்வானவை தரையிலிருந்து கூரைவரை நெருக்கமாக ஏறின. தொடக்க நாளில் வந்த கூட்டம் வேறு எந்தக் கண்காட்சிக்கும் வரவில்லை. எண்ணிக்கையைவிட, வந்தவர்கள் நின்ற விதம் என்னைக் கவர்ந்தது. தங்களுக்குத் தெரிந்தவர் செய்ததைப் பார்க்க வந்தவர்கள், அதைக் கண்டுபிடித்த பிறகும் போகவில்லை. பக்கத்துப் படைப்பைப் பார்த்தார்கள், இதை யார் செய்திருப்பார் என்று கேட்டார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மறைந்த தம் கணவரின் சட்டைகளிலிருந்து பொத்தான்களை மட்டும் எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் தைத்திருந்தார். அந்நியர்கள் நின்றால் அவரே வந்து விளக்கினார். அதற்கு முன் அந்தக் கட்டடத்துக்குள் அவர் நுழைந்ததே இல்லையாம். பிறகு வந்த கண்காட்சிகள் அனைத்திலும் அவரைப் பார்த்தேன். காணொளிக் கண்காட்சியின் இருட்டறையில், படம் தொடங்கும்வரை காத்திருங்கள், அவசரப்பட்டுப் போகாதீர்கள் என்று வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் கண்காட்சிக்குக் கொடுத்த வாரங்கள் போதவில்லை. மற்றவற்றைவிடக் குறைவான நாட்களே கிடைத்தன. தேர்வாகாதவர்களுக்கு அச்சடித்த ஒரே வரி போனது. நடுவர்களில் ஒருவராவது ஒவ்வொருவருக்கும் தம் கையால் இரண்டு வரி எழுதியிருக்கலாம். அந்த உழைப்பு அடுத்த ஆண்டின் படைப்புகளில் திரும்பி வரும்.

அடுத்து ஒரு பயணக் கண்காட்சி. பல ஊர்களைச் சுற்றிவருவது. விவரச் சீட்டுகள் முதல் அறிமுகப் பலகைவரை அச்சாகியே வந்தது. நல்ல படைப்புகள் சில இருந்தன. உடைந்த கண்ணாடித் துண்டுகளால் ஆன ஒரு சிற்பம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆனால் எங்கள் அறைகளுக்கும் அதற்கும் ஒட்டவில்லை. வேறு யாருடைய சுவருக்கோ அளவெடுத்தது இங்கே வந்து சில வாரம் தங்கிப் போயிற்று. இதைப் பற்றி இவ்வளவு போதும்.

காணொளிக் கலைக்கு வருகிறேன். இதைப் பார்க்கப் பலர் தயங்குவதற்குக் கலை காரணமில்லை. பெரும்பாலும் நாற்காலி காரணம். இருட்டறையில் நுழைகிறோம். படம் எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் என்று தெரியாது. உட்கார முதுகில்லாத பலகை, அல்லது அதுவும் இல்லை. பக்கத்து அறையின் ஒலி இங்கே கசிகிறது. இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வெளியேறுகிறோம். எங்கள் கலைக்கூடத்தில் வாசலிலேயே ஒவ்வொரு படத்தின் நீளத்தையும் அடுத்த தொடக்க நேரத்தையும் எழுதி வைத்தார்கள். சாய்ந்து உட்கார நாற்காலி போட்டார்கள். அறைகளுக்கிடையே கனத்த திரைச்சீலையும் தரைக்குக் கம்பளமும் இட்டு ஒலியை அடக்கினார்கள். இந்தச் சின்ன ஏற்பாடுகள் முழுப்படத்தையும் இருந்து பார்க்க வைத்தன. கிறிஸ்டியன் மார்க்லேயின் 2010ஆம் ஆண்டுப் படைப்பு 24 மணி நேரம் ஓடுகிறது. ஆயிரக்கணக்கான திரைப்படத் துணுக்குகளில் வரும் கடிகாரங்கள், பார்ப்பவரின் கைக்கடிகாரத்தோடு நிமிடத்துக்கு நிமிடம் ஒத்துப்போகின்றன. அதைக் காட்டியபோது வசதியான சோபாக்களும் படைப்பின் ஏற்பாட்டில் சேர்ந்தே வந்தன. உட்காரும் இடம் படைப்பின் பகுதி என்பதை அந்தக் கலைஞர் புரிந்துவைத்திருந்தார்.

தொலைக்காட்சிப் பெட்டி கலைப்பொருளானதும் ஒரு பெருநகர அருங்காட்சியகத்தில் அல்ல. 1963 மார்ச்சில், ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில், ஒரு கட்டடக் கலைஞர் தம் வீட்டில் நடத்திவந்த கலைக்கூடத்தில் நாம் ஜூன் பைக் தம் முதல் தனிக் கண்காட்சியை வைத்தார். ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த படத்தையே திருகிக் கலைத்த தொலைக்காட்சிகள் ஓர் அறையில் சிதறிக் கிடந்தன. நிலையம் மாலையில்தான் ஒளிபரப்பியது. ஆகவே கண்காட்சியும் மாலையில்தான் திறந்தது. பத்தே நாட்கள். காணொளிக் கலையின் வரலாறு அந்த வீட்டிலிருந்துதான் சொல்லப்படுகிறது. இன்று பைக்கின் பிற்காலப் படைப்புகளைப் பாதுகாப்பவர்களின் பெரிய கவலை, பழைய குழாய்த் தொலைக்காட்சிகளை இனி யாரும் தயாரிப்பதில்லை என்பது. பழுதானால் தட்டைத் திரை வைப்பதா, உதிரிகளைத் தேடி அலைவதா என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

ஆண்டின் கடைசிக் கண்காட்சிக்குப் பெட்டிகளே வரவில்லை. கலைஞர்கள் எழுதி அனுப்பிய குறிப்புகள் மட்டும் வந்தன. அவற்றைப் படித்து வட்டாரத்து மாணவர்கள் நேரடியாகச் சுவரில் வரைந்தார்கள். இந்த முறைக்கு வழி திறந்தவர் சால் லெவிட். 1968 அக்டோபரில் நியூயார்க்கில் பௌலா கூப்பரின் கலைக்கூடத்தில் முதல் சுவர் வரைவைத் தாமே வரைந்தார். பிறகு குறிப்பையும் வரைபடத்தையும் கொடுத்து மற்றவர்களை வரைய வைத்தார். வாங்குகிறவருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழும் வரைபடமும். சுவரில் இருப்பதை அழிக்கலாம், வேறு சுவரில் மீண்டும் வரையலாம். அமெரிக்காவின் நார்த் ஆடம்ஸ் என்ற சிறிய ஆலை நகரத்தில், 1985இல் மூடப்பட்ட மின்பொருள் தொழிற்சாலை 1999இல் சமகாலக் கலை அருங்காட்சியகமானது. அங்கே 2008இல் லெவிட்டின் 105 சுவர் வரைவுகள் திறக்கப்பட்டன, 2043வரை இருக்கப்போகின்றன. அவர் 2007இலேயே இறந்துவிட்டார். அவர் குறிப்புகளின்படி மற்றவர்கள் வரைந்த சுவர்கள் அவை.

எங்கள் சுவர்களுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. 'மூலையிலிருந்து தொடங்கி, கை எட்டும் தூரம்வரை, அளவுகோல் இல்லாமல் நேர்கோடு இழுக்கவும். சோர்வு வரும்போது நிறுத்தவும்' என்பது போன்ற ஒரு குறிப்பை மாணவர்கள் சில நாட்கள் விடாமல் செய்தார்கள். நெட்டையானவரின் கோடுகளும் குட்டையானவரின் கோடுகளும் வேறு வேறு உயரத்தில் அலையாக எழுந்தன. காலையில் போட்டவை இறுக்கமாக, மாலையில் போட்டவை தொய்ந்து. தினமும் போய்ப் பார்த்தவர்களுக்குச் சுவர் வளர்ந்தது தெரிந்தது. முடிந்த பிறகு வந்தவர்களுக்கு அழகான சாம்பல் நிறப் பரப்பு தெரிந்தது. இரண்டும் உண்மையான அனுபவங்கள். ஆனால் முதலாவது பக்கத்தில் வாழ்கிறவருக்கு மட்டுமே கிடைக்கும். இந்தக் கண்காட்சியை ஆண்டின் உச்சம் என்று தயங்காமல் சொல்வேன். அந்த மாணவர்களில் சிலர் பொது அழைப்புக் கண்காட்சியில் படைப்பு அனுப்பி உள்ளே வந்தவர்கள். முதல் கண்காட்சியின் பென்சில் மினுக்கத்தைப் பார்த்தவர்கள், கடைசிச் சுவரின் கோடுகளை ஓரடி நகர்ந்து பார்த்தார்கள். வரிசை என்று நான் சொல்வது இதைத்தான்.

கலைக்கூடங்களின் ஆண்டறிக்கைகளில் ஒரே எண்தான் பெரிதாக இருக்கும்: வந்தவர்கள் எத்தனை பேர். நிதி கொடுப்பவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். வாசலில் இருப்பவர் கையிலுள்ள கருவியை ஒரு முறை அழுத்தினால் ஒருவர் வந்ததாகக் கணக்கு. முதல் முறை வந்தவரையும் ஐந்தாம் முறை வந்தவரையும் அந்தக் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியான ஆய்வொன்று, தலைசிறந்த ஓவியங்களின் முன்னால் ஒருவர் சராசரியாக 27 வினாடி நிற்கிறார் என்று கண்டது. இடைநிலை அளவு, அதாவது பாதிப் பேர் அதற்குள் நகர்ந்துவிடும் அளவு, 17 வினாடிதான். 1916லேயே பாஸ்டன் அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன், காட்சிப்பெட்டிகளைப் பார்க்க ஒரு மனிதர் குனிந்தும் வளைந்தும் படும் பாட்டைப் புகைப்படங்களாக எடுத்து, அருங்காட்சியகச் சோர்வைப் பற்றி எழுதினார். பெரிய இடத்தில் நூறு படைப்புகளுக்கு நடுவே 17 வினாடி என்பது பார்ப்பவரின் குற்றமே அல்ல. அவருக்கு மறுநாள் இல்லை. வட்டாரக் கூடத்துப் பார்வையாளருக்கு மறுநாள் இருக்கிறது, அடுத்த வாரமும் இருக்கிறது. அந்தச் செல்வத்தை எண்ணுவதற்கு வாசலில் ஒரு கேள்வி போதும்: இதற்கு முன் எப்போது வந்தீர்கள்? பதிலை எழுதிவைத்து, அதையும் அறிக்கையில் அச்சிட வேண்டும். கண்காட்சிகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றின் காலத்தையும் நீட்ட வேண்டும் என்று நான் வாதிடுவதும் இதனால்தான். புதியது எப்போதும் ஓடிக்கொண்டிருந்தால் திரும்பிப் பார்க்க எதுவும் நிற்காது.

இன்னொன்றையும் கலைக்கூடத்தாரிடம் வற்புறுத்திவருகிறேன். பெர்ன் நகரின் அந்தக் கண்காட்சியை 2013இல் வெனிஸில் ஒரு பழைய மாளிகைக்குள் அறைக்கு அறை மீண்டும் அமைத்தார்கள். கடிதங்கள், தரைப்படங்கள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஸீமான் சேர்த்து வைத்திருந்ததால் அது முடிந்தது. அவருடைய ஆவணங்கள் இப்போது லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன. சொந்தச் சேகரிப்பு இல்லாத கூடத்துக்கு இந்த ஆவணங்கள்தான் சேகரிப்பு. எங்கள் ஆண்டின் தாள்கள் பல இடங்களில் கிடக்கின்றன: நிலை அறிக்கைகள் ஓர் அலமாரியில், ஒளி அளவுக் குறிப்புகள் ஏணியோடு ஒட்டிய அட்டையில், அட்டை மாதிரியின் தபால்தலை ஓவியங்கள் ஒரு பெட்டியில். கண்காட்சிப் புகைப்படங்கள் எல்லாம் ஆளில்லாத அறைகளாக இருக்கின்றன. பார்வையாளர் நிற்கும் படங்களும் வேண்டும், யார் எங்கே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது அதில்தான் தெரியும். விவரச் சீட்டுகளில் ஒவ்வொரு பிரதி, தேர்வாகாத படைப்புகளின் பட்டியல், சுவருக்குப் பூசிய வண்ணத்தின் எண், மாணவர்கள் பின்பற்றிய குறிப்புகள் இவற்றையும் சேர்க்க வேண்டும். கூடத்தார் ஒரு மேசையும் இரண்டு அலமாரிகளும் ஒதுக்கித் தந்திருக்கிறார்கள். முதல் கண்காட்சியின் தரைப்படத்திலிருந்து தொடங்கியிருக்கிறோம். எந்த வரைவு எந்தச் சுவரில் இருந்தது என்று குறிப்பதில் பழைய ஊழியரும் பொத்தான் தைத்த ஆசிரியையும் உதவுகிறார்கள்.